லயன் ராக் மலை: ஏறப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹாங்காங்கில் கவுலூன் பக்கம் நின்று வடக்கே பார்த்தால், அடுக்குமாடிகளுக்கு மேலே ஒரு பெரிய பாறைத்தலை நிமிர்ந்து நிற்பது தெரியும். அதுதான் லயன் ராக், அதாவது சிங்கப் பாறை. அந்தப் பாறைத்தலைதான் சிங்கத்தின் தலை. வேலைக்காக வந்து குடியேறிய நம்மவர்களும், நாலு நாள் சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் இந்த மலையைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெட்ரோ ரயிலில் வந்து இறங்கி அப்படியே ஏறிவிடலாம் என்பதால், இதை ஒரு மலையாகவே பலர் மதிப்பதில்லை. செருப்போடும் அரை பாட்டில் தண்ணீரோடும் கிளம்பிவிடுகிறார்கள். ஊருக்குப் பக்கத்தில் இருந்தாலும் மலை மலைதான். கீழே உள்ள பதில்களில் நான் திரும்பத் திரும்ப எச்சரிப்பது அதனால்தான்.

லயன் ராக் எங்கே இருக்கிறது? எவ்வளவு உயரம்?

கவுலூன் தீபகற்பத்தையும் வடக்கே உள்ள ஷா டின் பள்ளத்தாக்கையும் பிரிக்கும் மலைத்தொடரில் இருக்கிறது. தெற்கே வோங் டாய் சின், லோக் ஃபூ, கவுலூன் டோங். வடக்கே டாய் வாய். உயரம் 495 மீட்டர். ஹாங்காங்கின் மிக உயர்ந்த மலையான டாய் மோ ஷான் 957 மீட்டர் என்பதால் இது அதில் பாதி அளவுதான். ஆனால் ஏறத்தாழ கடல் மட்டத்திலிருந்தே ஏறத் தொடங்குகிறோம். அதனால் 495 மீட்டரில் பெரும்பகுதியை உங்கள் காலே ஏற வேண்டும்.

மலை முழுக்கக் கிரானைட். சுமார் 14 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்கள் உலவிய காலத்தில், நிலத்துக்கடியில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகிய கல் இது. மேலே இருந்த மண்ணும் பாறையும் அரித்துப் போக, உள்ளே இருந்தது வெளியே வந்து நிற்கிறது.

கன்ட்ரி பார்க் என்கிறார்களே, பூங்காவா? டிக்கெட் உண்டா?

டிக்கெட் இல்லை, கேட் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. நம் ஊர்ப் பூங்காவைப் போல புல்வெளியும் ஊஞ்சலும் எதிர்பார்க்க வேண்டாம். இது அரசு காத்து வரும் காட்டு நிலம். மலைகளும் நீர்த்தேக்கங்களும் நடைபாதைகளும் சேர்ந்தது. 1976-இல் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. 1977-இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட மூன்று கன்ட்ரி பார்க்குகளில் லயன் ராக் ஒன்று. மற்றவை ஷிங் முன், காம் ஷான். இப்போது மொத்தம் 25 இருக்கின்றன. கடைசியாக 2024-இல் எல்லைப் பக்கம் உள்ள ராபின்ஸ் நெஸ்ட் சேர்ந்தது. ஹாங்காங் நிலப்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு இப்படிப் பாதுகாக்கப்பட்டது என்று சொன்னால், இந்த ஊரை வானுயர்ந்த கட்டடங்களாகவே நினைத்திருப்பவர்கள் நம்புவதில்லை. உச்சியில் நின்று வடக்கேயும் கிழக்கேயும் பார்த்தால் நம்புவார்கள்.

எந்த வழியாக ஏறுவது நல்லது?

பல வழிகள் உண்டு. முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: கவுலூன் பக்கம் ஏறி, டாய் வாய் பக்கம் இறங்குங்கள்.

மெட்ரோவில் குவுன் டோங் தடத்தில் வோங் டாய் சின் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து ஷா டின் பாஸ் ரோடு மலையை நோக்கி வளைந்து வளைந்து ஏறுகிறது. தார்ச்சாலைதான், ஆனால் செங்குத்து. இந்தப் பகுதியை நடக்க விரும்பாதவர்கள் சி வான் ஷான் குடியிருப்பு வரை மினிபஸ்ஸிலோ டாக்சியிலோ போய்விடலாம். எனக்கு அந்தச் சாலையில் நடப்பது பிடிக்கும். காலையில் உடற்பயிற்சிக்கு ஏறும் வயதானவர்கள் ஒருவருக்கொருவர் 'ஜோ சான்' என்று காலை வணக்கம் சொல்லிக்கொண்டு போவார்கள். நீங்களும் சொன்னால் முகம் மலர்ந்து பதில் சொல்வார்கள்.

சாலை முடியும் கணவாய்க்கு ஷா டின் பாஸ் என்று பெயர். அங்கிருந்து மேற்கே திரும்பி மக்லஹோஸ் நெடும்பாதையைப் பிடிக்க வேண்டும். 1979-இல் திறந்த, 100 கிலோமீட்டர் நீளமுள்ள, பத்துப் பகுதிகளாகப் பிரித்த பாதை அது. அப்போதைய ஆளுநர் மரே மக்லஹோஸின் பெயரைத் தாங்கியது. அதன் ஐந்தாம் பகுதி லயன் ராக்கின் வடக்குத் தோளை ஒட்டிப் போகிறது. ஒன்றைக் கவனியுங்கள்: நெடும்பாதை உச்சிக்குப் போவதில்லை. நடுவில் ஓர் இடத்தில் லயன் ராக் என்று பலகை வைத்து ஒரு கிளை பிரியும். அங்கே திரும்பி, உயரம் உயரமான கல்படிகளில் மூச்சு வாங்க ஏறினால் உச்சி. பேசிக்கொண்டே நடந்து இந்தப் பலகையைத் தாண்டிப் போய்விடுகிறவர்கள் நிறையப் பேர்.

இறங்கும்போது மேற்கே கவுலூன் பாஸ் வழியாக வந்து, அமா ராக் பாறையைப் பார்த்துவிட்டு, ஹுங் முய் குக் பக்கம் இறங்கினால் டாய் வாய் நிலையம் நடக்கும் தூரம்தான்.

ஏன் இந்தத் திசை? தெற்குச் சரிவு செங்குத்தானது. செங்குத்தில் ஏறுவது மூச்சுக்குக் கஷ்டம், இறங்குவது மூட்டுக்குக் கஷ்டம். மூச்சு சற்று உட்கார்ந்தால் திரும்பி வந்துவிடும். மூட்டு அப்படி வராது.

எவ்வளவு நேரம் ஆகும்? முதல்முறை ட்ரெக்கிங் போகிறவரால் முடியுமா?

வோங் டாய் சின்னிலிருந்து டாய் வாய் வரை, சுமாராக நடக்கிறவருக்கு நாலு மணி நேரம். அங்கங்கே உட்கார்ந்து படம் எடுத்தால் ஐந்து. மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்கும் என்கிறவர்கள் கொஞ்ச நாள் படியேறிப் பழகிவிட்டு வாருங்கள். மற்றபடி யாராலும் முடியும். கயிறு, பிடிமானம், கைவைத்து ஏறும் இடம் எதுவும் வழக்கமான பாதையில் இல்லை.

ஷூ மட்டும் நல்ல பிடிப்புள்ளதாக இருக்கட்டும். இங்குள்ள கிரானைட் மழையிலும் வெயிலிலும் சிதைந்து பருமணலாக உதிர்ந்து கிடக்கும். காய்ந்த பாறை மேல் அந்த மணல் இருந்தால், தரையில் சிந்திய கேழ்வரகின் மேல் கால் வைத்தது போல் வழுக்கும். ஈரத்தை விட இதுதான் ஆளைத் தள்ளிவிடுகிறது. அதுவும் இறங்கும்போது.

சிங்கத்தின் தலை மேல் ஏறி நின்று படம் எடுக்கலாமா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், குறிப்பாகப் படங்களைப் பார்த்துவிட்டு வருகிற இளைஞர்கள். என் பதில்: விளிம்புக்குப் போகாதீர்கள்.

தலைப்பாறைக்குத் தெற்கே நேர் செங்குத்தான பள்ளம். அங்கே வேலி கிடையாது. ஆபத்தான இடம், மேலே போகாதீர் என்று பூங்காத் துறை பலகை வைத்திருக்கிறது. விழுந்து இறந்தவர்கள் உண்டு. படத்தில் பார்க்கும்போது அகலமான மேடைபோலத் தெரியும் பாறை, நேரில் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கும். மலை முகட்டில் காற்று திடீரென்று வீசும். முதுகில் பை இருந்தால் அந்தக் காற்று உங்களைத் திருப்பிவிடும். பக்கத்தில் இன்னும் நாலு பேர் அதே இடத்தில் படமெடுக்கக் காத்திருந்தால், இடம் கொடுக்க ஒரு எட்டு பின்னால் வைப்போம் அல்லவா? அந்த ஓர் எட்டுதான்.

விளிம்புக்குப் போகாமலே அருமையான படம் கிடைக்கும். உச்சிக்குப் பக்கத்தில் முகட்டுப் பாதையில் நின்று தலைப்பாறையைப் படமெடுங்கள். சிங்கத்தின் தலையும் அதற்குப் பின்னால் நகரமும் சேர்ந்து விழும். தலையின் மேல் நின்றால் சிங்கமே படத்தில் வராது.

பாறையேற்றம் தெரிந்தவர்கள் கயிறு கட்டி இந்த முகப்பில் ஏறுவது உண்டு. அது வேறு பயிற்சி, வேறு ஆயத்தம்.

எந்த மாதங்களில் போகலாம்?

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. வானம் தெளிந்து, காற்று உலர்ந்து, நடக்க இதமாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் முகட்டில் குளிர்காற்று அடிக்கும். ஒரு மெல்லிய ஜாக்கெட் போதும்.

மார்ச், ஏப்ரலில் மூடுபனி. ஏறிப் போய் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வர நேரிடலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போக வேண்டாம் என்பேன். "நாங்கள் மதுரை வெயிலையே பார்த்தவர்கள்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 33 டிகிரி என்று கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே ஈரப்பதம் மிக அதிகம், வியர்வை ஆவியாகாது, உடம்பு குளிராது. படியேறும்போது உடம்பே வேறு சூட்டைக் கிளப்பும். தலைசுற்றல், வாந்தி, குழப்பமான பேச்சு வந்தால் அது களைப்பு இல்லை, வெப்பத்தாக்கம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து, உதவிக்கு அழைக்க வேண்டும்.

மழை, புயல் எச்சரிக்கைகளை எப்படிப் புரிந்துகொள்வது?

ஹாங்காங் வானிலை ஆய்வகத்தின் செயலியைக் கைப்பேசியில் போட்டுக்கொள்ளுங்கள். மழைக்கு மூன்று நிறங்கள்: மணிக்கு 30 மில்லிமீட்டரைத் தாண்டினால் மஞ்சள், 50-ஐத் தாண்டினால் சிவப்பு, 70-ஐத் தாண்டினால் கறுப்பு. மஞ்சள் வந்தாலே மலை வேண்டாம். மழை விட்ட மறுநாளும் யோசித்துப் போங்கள். மண்சரிவு எச்சரிக்கை தனியாக வரும். 2023 செப்டம்பரில் ஒரே மணி நேரத்தில் 158.1 மில்லிமீட்டர் கொட்டியது இந்த ஊர். புயலுக்கு 1, 3, 8, 9, 10 என்று எண்கள். 3 வந்துவிட்டால் மலைத்திட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். இடி எச்சரிக்கையையும் பாருங்கள், முகட்டில் ஒதுங்க இடமே கிடையாது.

குரங்குகள் தொல்லை கொடுக்குமா?

கொடுக்கும், நீங்கள் உணவைக் காட்டினால்.

இவை ரீசஸ் குரங்குகள். வட இந்தியாவில் கோயில்களில் பார்க்கும் அதே இனம். லயன் ராக்கிலும் பக்கத்தில் காம் ஷான், ஷிங் முன் காடுகளிலும்தான் அதிகம். இவை எப்படிப் பெருகின என்பதற்குச் சுவையான கதை உண்டு. 1910-களில் கவுலூன் நீர்த்தேக்கங்களைக் கட்டியபோது, அந்தப் பகுதியில் எட்டி இனத்தைச் சேர்ந்த ஒரு கொடி மண்டிக் கிடந்தது. நம் ஊர் எட்டி மரத்தின் உறவு. காய் நஞ்சு. அது குடிநீரில் விழுந்துவிடுமோ என்று பயந்தார்கள். மனிதருக்கு நஞ்சான அந்தக் காயைக் குரங்குகள் தின்னும் என்பதால் அவற்றைக் கொண்டுவந்து விட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. பின்னால் மக்கள் வாழைப்பழமும் ரொட்டியும் கொடுத்துப் பழக்கியதில் எண்ணிக்கை எகிறியது. 1999 முதல் இந்தப் பகுதிகளில் உணவளிக்கத் தடை. 2024 ஆகஸ்டிலிருந்து தண்டனை கடுமையாகிவிட்டது: அந்த இடத்திலேயே 5,000 ஹாங்காங் டாலர் அபராதம், வழக்குப் போட்டால் ஒரு லட்சம் டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும். குரங்குக்கு உணவளிப்பதைப் புண்ணியமாக நினைத்து வளர்ந்த நமக்கு இது உறுத்தலாம். ஆனால் காட்டில் உணவு ஏராளம். நாம் கொடுக்கும் பிஸ்கட்டால் அது காட்டை விட்டு வீட்டு ஜன்னலுக்கு வந்து அடிபடுகிறது.

பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். பை என்றால் உணவு என்று அவை கற்று வைத்திருக்கின்றன. கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், ஓடாதீர்கள். குட்டி வைத்திருக்கும் தாயிடமிருந்து விலகி, உங்கள் பாட்டுக்கு நடந்துபோங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

வேறு என்ன உயிரினங்கள் தென்படும்?

முகட்டுக்கு மேல் பருந்துகள் வட்டமிடும். புதரில் செம்மீசைச் சின்னான் கத்துவதைக் கேட்டதும் ஊட்டி, கொடைக்கானல் பக்கத்தவர்களுக்கு ஊர் நினைவு வரும், அங்கே உள்ள அதே பறவைதான். காட்டுப்பன்றி உண்டு. பாம்புகள் உண்டு, மூங்கில் விரியன் பச்சை இலையோடு இலையாக இருக்கும் என்பதால் புதரில் கையை விடாதீர்கள். காடு பார்க்க அடர்த்தியாக இருந்தாலும் பழங்காடு இல்லை. ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் விறகுக்காக மலைகள் மொட்டையாயின. இப்போது நீங்கள் நிழலில் நடப்பது போருக்குப் பிறகு நட்டு வளர்த்த மரங்களுக்கடியில்தான்.

சாப்பாடு, தண்ணீர்?

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். குளிர்காலத்தில் ஒன்றரை. உச்சியில் கடையும் இல்லை, கழிப்பறையும் இல்லை. கீழேயே முடித்துக்கொண்டு போங்கள். புளியோதரை, இட்லி, சப்பாத்தி ரோல் எதுவானாலும் மூடிய டப்பாவில், பைக்குள். குரங்கு இருக்கும் இடத்தில் திறக்க வேண்டாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்று செய்யலாம். காலையில் சீக்கிரம் ஏறிவிட்டு, இறங்கிய பிறகு டாய் வாயிலிருந்து ரயிலில் டயமண்ட் ஹில் வந்தால், 'நான் லியன்' என்ற தோட்டத்துக்குள் சி லின் பௌத்த மடத்தார் நடத்தும் சைவ உணவகம் இருக்கிறது. மடத்தின் மர மண்டபங்களை இரும்பு ஆணியே இல்லாமல், மரத்தில் மரம் பூட்டிக் கட்டியிருக்கிறார்கள். நடந்த களைப்போடு அந்த முற்றத்தில் சற்று உட்கார்ந்திருப்பது ஒரு சுகம்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். கூட்டிப் போகலாமா? குழந்தைகள்?

உச்சிக்கு வேண்டாம். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு அந்தக் கல்படிகள் சரிவராது. ஆனால் அவர்களை வீட்டிலேயே விட்டுவிடவும் வேண்டாம். டாக்சியில் சி வான் ஷான் மேலே போய், அங்கிருந்து மெல்ல ஷா டின் பாஸ் வரை நடந்து, காற்று வாங்கிவிட்டுத் திரும்பலாம். வழியில் குவான் யின் கோயில் இருக்கிறது. பிறகு கீழே வோங் டாய் சின் கோயில். 1921-இல் இப்போதைய இடத்தில் அமைந்தது. பத்திக் கட்டுகளோடு மண்டியிட்டு, குச்சிகளைக் குலுக்கிக் குறி பார்க்கும் கூட்டத்தைப் பார்த்தால் அம்மாவுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும்.

எட்டு வயதுக்கு மேற்பட்ட, நடந்து பழகிய குழந்தைகள் உச்சி வரை வரலாம். முகட்டில் கையை விடாதீர்கள். சின்னக் குழந்தைகளுக்கு டாய் வாய் பக்கத்திலிருந்து அமா ராக் வரை போய்த் திரும்புவது போதும்.

இவ்வளவு சின்ன மலையை ஹாங்காங்காரர்கள் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சீனாவிலிருந்து லட்சக்கணக்கான மக்கள் அகதிகளாக ஹாங்காங் வந்தார்கள். பலர் கவுலூனின் மலையடிவாரங்களில் தகரமும் பலகையும் வைத்துக் குடிசை போட்டார்கள். 1953 கிறிஸ்துமஸ் இரவில், இந்த மலைக்குத் தென்மேற்கே உள்ள ஷெக் கிப் மேய் குடிசைப் பகுதி தீப்பிடித்து, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் வீடிழந்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசு மக்களுக்கு வீடு கட்டித்தரத் தொடங்கியது. லயன் ராக்கின் அடியில் வோங் டாய் சின், சி வான் ஷான், வாங் தவ் ஹோம் என்று பெரிய குடியிருப்புகள் எழுந்தன. ஓர் அறையில் ஒரு குடும்பம், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை.

1963-இல் கடும் வறட்சி. நாலு நாளைக்கு ஒருமுறை நாலு மணி நேரம்தான் தண்ணீர். நம் சென்னைவாசிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். வடக்கே கட்டிக்கொண்டிருந்த பெரிய நீர்த்தேக்கத்திலிருந்து கவுலூனுக்குத் தண்ணீர் கொண்டுவர இந்த மலையைக் குடைந்தார்கள். குழாய்களோடு சாலையும் சேர்ந்தது. 1967-இல் திறந்த லயன் ராக் சுரங்கம்தான் ஹாங்காங்கின் முதல் சாலைச் சுரங்கம். மலைக்கு அந்தப் பக்கம் ஷா டின் புதுநகராக வளர்ந்தது அதற்குப் பிறகு.

1970-களில் ஹாங்காங்கின் அரசு ஒலி-ஒளிபரப்பு நிறுவனம், இந்த மலையடிவார ஏழைக் குடும்பங்களின் வாழ்க்கையை ஒரு தொலைக்காட்சித் தொடராக எடுத்தது. தலைப்பிலேயே மலையின் பெயர். 1979-இல் ரோமன் டாம் அதன் தலைப்புப் பாட்டைப் பாடினார். சண்டை சச்சரவை விட்டுவிட்டு ஒரே படகில் போகிறவர்களாகச் சேர்ந்து உழைப்போம் என்ற பொருள் கொண்ட பாட்டு. 2002-இல் பொருளாதாரம் சரிந்து கிடந்தபோது நிதிச் செயலர் தன் வரவு செலவு உரையிலேயே அந்த வரிகளைச் சொன்னார். விழுந்தாலும் எழுந்து உழைக்கும் குணத்தை 'லயன் ராக் உணர்வு' என்றே இங்கே சொல்கிறார்கள்.

அடுத்த தலைமுறை அதற்கு வேறு அர்த்தம் கொடுத்தது. 2014 அக்டோபரில், உண்மையான வாக்குரிமை வேண்டும் என்ற வாசகத்தோடு ஒரு பெரிய மஞ்சள் பதாகையைப் பாறையேற்றக்காரர்கள் சிங்கத்தலையிலிருந்து தொங்கவிட்டார்கள். மறுநாள் அரசு அதை அகற்றியது. 2019-இல் நிலா விழா இரவில் ஆயிரக்கணக்கான போராட்டக்காரர்கள் கையில் விளக்கோடு முகட்டில் வரிசையாக நின்றார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 2016 டிசம்பர் 9 அன்று நடந்தது. லாய் சி-வாய் ஆசியப் பாறையேற்றப் போட்டிகளில் நாலு முறை வாகை சூடியவர். 2011-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. விபத்து நடந்து சரியாக ஐந்தாண்டு கழித்து, அதே தேதியில், சக்கர நாற்காலியோடு தன்னைக் கயிற்றில் கட்டிக்கொண்டு, கைவலுவால் மட்டுமே இந்தப் பாறை முகப்பில் ஏறி உச்சியை அடைந்தார். கீழே இருந்து தலைப்பாறையை அண்ணாந்து பார்க்கும்போது அதையும் நினைத்துப் பாருங்கள்.

பாதையோரத்தில் உடைந்த கான்கிரீட் அறைகள் இருக்கின்றனவே, அவை என்ன?

1930-களின் இரண்டாம் பாதியில் பிரிட்டிஷார் வடக்கிலிருந்து ஜப்பானியர் வருவதைத் தடுக்கக் கட்டிய பாதுகாப்பு வரிசையின் மிச்சங்கள். ஜின் டிரிங்கர்ஸ் லைன் என்று பெயர். சுமார் 18 கிலோமீட்டர் நீளம். நம் கவனத்துக்குரியது என்னவென்றால், 1941 டிசம்பரில் அந்த வரிசையைக் காத்த மூன்று படைப்பிரிவுகளில் இரண்டு இந்தியப் பிரிவுகள்: ஏழாவது ராஜ்புத் ரெஜிமென்டின் ஐந்தாம் பட்டாளமும் பதினான்காவது பஞ்சாப் ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாளமும். மூன்றாவது ராயல் ஸ்காட்ஸ். டிசம்பர் 9 இரவு ஷிங் முன் கோட்டை வீழ்ந்ததும் வரிசை உடைந்தது. கவுலூனை விட்டுக் கடைசியாகப் பின்வாங்கியது ராஜ்புத் வீரர்கள். ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, தங்களுக்கு உறவே இல்லாத மலைகளில் நின்று போராடியவர்கள். உள்ளே குப்பை போட்டு வைத்திருப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். நீங்கள் போடாதீர்கள், இடிந்த கூரைக்கடியில் நுழையவும் வேண்டாம்.

அமா ராக்கின் கதை என்ன?

குழந்தையை முதுகில் கட்டிய ஒரு பெண்ணைப் போலத் தெரியும், சுமார் 15 மீட்டர் உயரமுள்ள பாறை. கடலுக்குப் போன கணவன் திரும்புவான் என்று நாள்தோறும் குழந்தையைச் சுமந்து மலையேறி வந்து காத்திருந்தாள். அவன் மூழ்கிவிட்டது அவளுக்குத் தெரியாது. அவள் பற்றைக் கண்டு கடல் தெய்வம் அவளைக் கல்லாக்கி, அவள் உயிரைக் கணவனோடு சேர்த்ததாம். டாய் வாய் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் உருவம் துலங்கும். பக்கத்தில் போனால் வெறும் பாறைகள்.

உச்சியிலிருந்து என்னென்ன தெரியும்?

தெற்கே கவுலூன் முழுவதும், விக்டோரியா துறைமுகம், அக்கரையில் ஹாங்காங் தீவு. கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு பட்டையைத் தேடுங்கள். அது 1998-இல் மூடிய பழைய காய் டாக் விமான நிலையத்தின் ஓடுபாதை. இந்த மலைகளை நோக்கி நேராக வரும் விமானங்கள், லோக் ஃபூ பக்கத்தில் ஒரு குன்றின் மேல் பூசியிருந்த கட்டம் போட்ட வண்ணச் சுவரைக் கண்டதும் சட்டென்று வலப்பக்கம் திரும்பி, வீடுகளின் மொட்டைமாடிகளுக்குச் சற்று மேலாகப் பறந்து இறங்கும். மேலே நின்று பார்த்தால் அந்தத் திருப்பம் ஏன் தேவைப்பட்டது என்பது புரியும். வடக்கே டாய் வாய், ஷா டின், நடுவே ஷிங் முன் ஆறு.

இரவில் ஏறலாமா?

நகர விளக்குகளைப் பார்க்க நிறையப் பேர் ஏறுகிறார்கள். பகலில் ஒருமுறையாவது ஏறி வழி தெரிந்தவர்களோடு மட்டும் போங்கள். நெற்றியில் கட்டும் டார்ச் அவசியம், கைப்பேசி வெளிச்சத்தை நம்பக்கூடாது. தனியாக வேண்டவே வேண்டாம்.

வழி தவறினால், அடிபட்டால்?

999 அல்லது 112. மக்லஹோஸ் பாதையில் 500 மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டு, எம் என்ற எழுத்தோடு எண் எழுதியிருக்கும். கடைசியாகப் பார்த்த கம்பத்தின் எண்ணைச் சொன்னால் போதும், மீட்புக் குழு கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு கம்பத்தையும் கடக்கும்போது ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். தேவைப்பட்டால் அரசு விமானப் பிரிவின் ஹெலிகாப்டர் வரும். புதருக்குள் குறுக்குவழி தேடி இறங்காதீர்கள். பள்ளத்தில் முடியும்.

தீ மூட்டலாமா? குப்பையை எங்கே போடுவது?

பார்பிக்யூவுக்கென்று ஒதுக்கிய இடங்களில் மட்டும். வேறெங்கும் சூடம் கொளுத்தினாலும் குற்றம். குளிர்காலத்தில் புல் காய்ந்து கிடக்கும். 1996 பிப்ரவரியில் பாட் சின் லெங் மலையில் பரவிய காட்டுத்தீயில் சுற்றுலா வந்த மூன்று மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் இறந்தார்கள். சிவப்புத் தீ எச்சரிக்கை இருக்கும் நாளில் சிகரெட் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

நடைபாதைகளில் இருந்த குப்பைத்தொட்டிகளை 2017-க்குள் எடுத்துவிட்டார்கள். கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆரஞ்சுத் தோலும் குப்பைதான், அதைத் தேடித்தான் பன்றியும் குரங்கும் பாதைக்கு வருகின்றன.

இதை ஏறிவிட்டேன். அடுத்து எது?

எளிதாக வேண்டுமென்றால் ஹாங்காங் தீவின் டிராகன்ஸ் பேக். உச்சியே 284 மீட்டர்தான், முகடு நெடுகக் கடல் தெரியும். இன்னும் உயரம் வேண்டுமென்றால் லாண்டாவ் தீவில் 869 மீட்டர் உயரமுள்ள சன்செட் பீக். அக்டோபர், நவம்பரில் சரிவெல்லாம் வெள்ளிப்புல் பூத்திருக்கும், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும், வார நாளில் போங்கள். சாய் குங்கில் உள்ள ஷார்ப் பீக் 468 மீட்டர், லயன் ராக்கை விடக் குட்டை. ஆனால் உதிர்மணலும் செங்குத்தும் அங்கே பல மடங்கு, அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.